முதல் பந்தை அடிக்கும் முன்: அமெச்சூர் கோல்ஃப் போட்டி விதிகள் – வாசகர் கேள்வி பதில்

பெங்களூரில் மழை ஓய்ந்து குளிர் இறங்கும் மாதங்களில் பழைய மாணவர் சங்கங்களும் குடியிருப்போர் சங்கங்களும் கோல்ஃப் போட்டிகளுக்கு நாள் குறிக்கத் தொடங்கிவிடுகின்றன. அவற்றை நடத்துவோரும் அவற்றில் ஆடுவோரும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு, இந்நகரின் மைதானங்களில் பல ஆண்டுகள் போட்டிக் கமிட்டிகளில் பணியாற்றிய நம் பகுதியாளர் இந்த இதழில் விடையளிக்கிறார்.

கேள்வி: ஐயா, கோவையில் ஒரே கல்லூரியில் படித்து, இப்போது பெங்களூரில் வாழும் நாங்கள் 60 பேர் சேர்ந்து வரும் ஜனவரியில் ஒரு கோல்ஃப் போட்டி நடத்தவிருக்கிறோம். ‘விதிப் புத்தகம்தான் இருக்கிறதே, தனியாக நிபந்தனைத் தாள் எதற்கு?’ என்று நண்பர்கள் சிலர் கேட்கின்றனர். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?
– வாசகர், வைட்ஃபீல்டு

பதில்: விதிப் புத்தகமே ஒரு போட்டிக்கான நிபந்தனைத் தாளாகத்தான் பிறந்தது என்று அவர்களிடம் சொல்லுங்கள். 1744-ஆம் ஆண்டு எடின்பரோ நகர நிர்வாகம், லீத் திடலில் நடக்கவிருந்த போட்டிக்கு வெள்ளியில் செய்த மட்டை ஒன்றைப் பரிசாக வழங்கியது. அதுவரை அவரவர் தோழர்களுடன் அவரவர் வழக்கப்படி ஆடிவந்தவர்களுக்கு, பரிசு என்று ஒன்று வந்தவுடன் எல்லோரையும் ஒன்றுபோல் கட்டுப்படுத்தும் எழுத்து தேவைப்பட்டது. அப்போது எழுதப்பட்ட 13 விதிகளே, நமக்குக் கிடைத்துள்ள கோல்ஃப் விதிகளில் மிகப் பழையவை. அந்த முதல் போட்டியில் ஜான் ராட்ரே என்ற அறுவை மருத்துவர் வென்றார்.

இன்றைய விதிகளை ஸ்காட்லாந்தின் ஆர் அண்டு ஏ அமைப்பும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் சேர்ந்து வெளியிடுகின்றன. 2023-இல் நடைமுறைக்கு வந்த பதிப்பில் 25 விதிகள் இருக்கின்றன. நீரில் விழுந்த பந்துக்கு என்ன தண்டம், வேலியை ஒட்டிக் கிடக்கும் பந்தை எப்படி அடிப்பது என்பவற்றுக்கெல்லாம் அவற்றில் விடை உண்டு. ஆனால் மூத்தோர் பிரிவு 55 வயதில் தொடங்குகிறதா 60 வயதிலா, எந்தத் தேதியில் உள்ள ஹேண்டிகேப் (திறமைக்கேற்பத் தரும் அடிச் சலுகை) கணக்கில் கொள்ளப்படும், யார் எந்த டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடம்) தொடங்குவார், இருவர் சமமாக முடித்தால் கோப்பை யாருக்கு, முடிவு எந்த நேரத்துக்குப் பிறகு மாறாது என்பவற்றுக்கு விடை கிடையாது. இவற்றைத் தீர்மானிக்கும் பொறுப்பை விதிகள் கமிட்டியின் கையில் விட்டிருக்கின்றன. கமிட்டி எழுதவில்லையென்றால் வேறு எவரும் எழுதமாட்டார்கள்.

இன்னொரு காரணம் இந்த ஆட்டத்தின் இயல்பிலேயே இருக்கிறது. கிரிக்கெட்டில் நடுவர் ஆடுகளத்தின் நடுவே நிற்கிறார். கோல்ஃபிலோ நான்கு நான்கு பேராகப் பெரும் பரப்பில் பிரிந்து செல்பவர்கள் தம் தவற்றைத் தாமே சொல்லி, தமக்குத் தாமே தண்டம் விதித்துக்கொள்கிறார்கள். புதருக்குள் பந்து அசைந்ததை ஆடுபவர் ஒருவர் மட்டுமே பார்த்திருப்பார். அப்படிப்பட்ட நேர்மையை ஒருவரிடம் எதிர்பார்க்கும் கமிட்டி, எந்த விதிக்கு அவர் கட்டுப்பட வேண்டும் என்பதை அவர் ஆடத் தொடங்கும் முன்பே எழுத்தில் கொடுத்துவிடுவதுதான் முறை.

எழுதாமல் விட்டதன் விளைவை நான் ஒருமுறை அனுபவித்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் பொறுப்பேற்று நடத்திய ஒரு போட்டியில், நெடுநாள் நண்பர்கள் இருவர் ஒரே எண்ணிக்கையில் முடித்தனர். சமநிலையை எப்படித் தீர்ப்பது என்று நான் எங்கும் எழுதியிருக்கவில்லை. இருவருடைய அட்டைகளும் என் மேசையில் கிடந்தபோது நான் எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும், வெற்றியாளரையே தேர்ந்தெடுத்ததாகத்தான் ஆகியிருக்கும். ஒரு முறையைச் சொன்னேன். தோற்றவர் ஒன்றும் பேசாமல் கைகுலுக்கிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நாங்கள் நடத்திய எந்தப் போட்டிக்கும் அவர் வரவில்லை. குற்றம் முழுவதும் என்னுடையது.

ஆகவே இரண்டு பக்கத்துக்கு மிகாத தாள் ஒன்றைத் தயாரித்து, ஒரு வாரத்துக்கு முன்பே அனைவருக்கும் அனுப்பிவிடுங்கள். அந்த மைதானத்துக்குரிய உள்ளூர் விதிகளை, அதாவது எது எல்லை, எந்த நிலம் பழுதுபார்ப்பில் இருக்கிறது, எந்த இளங்கன்றுகளைக் காக்கப் பந்தைக் கட்டாயம் நகர்த்தி வைக்க வேண்டும் என்பன போன்றவற்றை, தனித் தாளாக ஸ்கோர் கார்டுடன் கொடுங்கள். அவற்றை நீங்களாக எழுத வேண்டாம். மைதான அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் தாளைக் கேட்டு வாங்கி, உங்கள் போட்டிக்குப் பொருந்தாதவற்றை மட்டும் அவர்களுடன் பேசி நீக்கிக்கொள்ளுங்கள். முதல் அணி பந்தை அடித்த பிறகு, எவ்வளவு நல்ல எண்ணத்தோடு என்றாலும், ஒரு வரியையும் மாற்றாதீர்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் பாதிப் பேர் ஆடத் தொடங்கி ஓராண்டுகூட ஆகாதவர்கள். ஒரு குழிக்கு 12 அடி, 13 அடி எடுப்பார்கள். குழிக்கு அருகே வந்த பந்தை ‘போதும், எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று விட்டுக்கொடுக்கலாமா?
– வாசகர், பன்னேர்கட்டா சாலை

பதில்: மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளே முறையில் கூடவே கூடாது. அம்முறையில் ஒவ்வொரு குழியிலும் பந்து உள்ளே விழுந்தே ஆக வேண்டும். அப்படி முடிக்காமல் பந்தை எடுத்துவிட்டு, அதைத் திருத்திக்கொள்ளாமல் அடுத்த குழியைத் தொடங்கிவிட்டால் தகுதி நீக்கம்தான். எதிராளியின் பந்தை விட்டுக்கொடுக்கும் வழக்கம் இருவர் நேருக்கு நேர் மோதும் மேட்ச் பிளேக்கு உரியது.

உங்களுக்கு ஏற்றது ஸ்டேபிள்ஃபோர்ட் முறை. ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற மருத்துவரின் பெயரால் வழங்கும் இம்முறை, இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் 1932-இல் போட்டியாக நடத்தப்பட்டு அங்கிருந்து உலகெங்கும் பரவியது. ஹேண்டிகேப் சலுகையைக் கழித்த பின், அந்தக் குழிக்கு நிர்ணயித்த அடிகளான ‘பார்’ எண்ணிக்கையில் முடித்தால் 2 புள்ளி, ஒன்று கூடினால் 1, ஒன்று குறைந்தால் 3, இரண்டு குறைந்தால் 4. இரண்டோ அதற்கு மேலோ கூடினால் புள்ளி இல்லை. புள்ளி கிடைக்காது என்று தெரிந்தவுடன் பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, எந்தத் தண்டமும் இன்றி அடுத்த குழிக்கு நடக்கலாம். ஒரு குழியில் நேர்ந்த சறுக்கல் மீதி 17 குழிகளையும் கெடுப்பதில்லை என்பதே இதன் பெருமை. புதியவர்கள் மனம் தளராமல் கடைசிவரை ஆடுவார்கள், பின்னால் காத்திருக்கும் அணிக்கும் நேரம் மிச்சம்.

கேள்வி: நற்பணிக்கு நிதி திரட்டும் போட்டி ஒன்றில், 500 ரூபாய் கொடுத்தால் ஓர் அடியை மறுபடியும் அடிக்கலாம் என்று ‘மல்லிகன்’ சீட்டு விற்றார்கள். இது விதிப்படி சரியா?
– வாசகி, கோரமங்களா

பதில்: விதிப்படி இல்லை. நல்ல காரியத்துக்குப் பணம் சேர்வதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அது கோல்ஃப் விதிகளின்படி நடந்த சுற்று அன்று என்பதையும், அன்றைய ஸ்கோரை ஹேண்டிகேப் கணக்கில் பதிவு செய்யக்கூடாது என்பதையும் நிபந்தனைத் தாளில் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும்.

கேள்வி: என் ஹேண்டிகேப் இண்டெக்ஸ் 18.4. சென்ற மாதப் போட்டியில் எனக்கு 19 அடி சலுகை என்று அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். அதே இண்டெக்ஸ் உள்ள என் மைத்துனருக்கு வேறொரு மைதானத்தில் 17 கொடுத்தார்களாம். யார் செய்தது பிழை?
– வாசகர், தொம்லூர்

பதில்: இருவருமே சரியாகச் செய்திருக்கலாம். 2020-இல் தொடங்கிய உலக ஹேண்டிகேப் முறையில், உங்கள் கடைசி 20 சுற்றுகளில் மிகச் சிறந்த 8-இன் சராசரியிலிருந்து இண்டெக்ஸ் கணக்கிடப்படுகிறது. அது உங்கள் திறமையைக் காட்டும் எண். எந்த மைதானத்தில், எந்த டீயிலிருந்து ஆடுகிறீர்கள் என்பது அதில் இல்லை. எளிய மைதானத்தில் குறைவான சலுகையும் கடினமான மைதானத்தில் கூடுதலான சலுகையும் கிடைப்பதற்காகவே அதை மாற்றிக் கணக்கிடுகிறார்கள்.

ஒரு மைதானத்தில், சாதாரண ஆட்டக்காரருக்கு அது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டும் ஸ்லோப் ரேட்டிங் 125, சலுகை தேவைப்படாத தேர்ந்தவர் எடுக்கக்கூடிய அடிகளைக் காட்டும் கோர்ஸ் ரேட்டிங் 71.2, பார் 72 என்று கொள்வோம். 18.4-ஐ 125-ஆல் பெருக்கி, நடுநிலை மதிப்பான 113-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 20.35 வரும். கோர்ஸ் ரேட்டிங் பாரைவிட 0.8 குறைவு என்பதால் அதைக் கழித்தால் 19.55. தனிநபர் ஸ்ட்ரோக் பிளேக்கும் ஸ்டேபிள்ஃபோர்டுக்கும் இதில் 95 விழுக்காடு கொடுப்பது பரிந்துரைக்கப்பட்ட முறை. அப்படிப் பார்த்தால் 18.58 வரும், முழுமையாக்கினால் 19. உங்களுக்குக் கொடுத்ததும் இப்படி வந்ததாகவே இருக்கும். ஸ்லோப் ரேட்டிங் 55 முதல் 155 வரை இருக்கக்கூடியது என்பதால், மைத்துனருக்கு 17 வந்ததில் வியப்பில்லை.

இதைப் படிக்கும் அமைப்பாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இண்டெக்ஸ் எந்தத் தேதியில் இருந்தபடி எடுத்துக்கொள்ளப்படும் என்பதையும், எத்தனை விழுக்காடு என்பதையும், அதிகபட்ச வரம்பு உண்டா என்பதையும் தாளில் எழுதுங்கள். முறைப்படியான இண்டெக்ஸ் பெறுவதற்கே 54 குழிகளின் ஸ்கோர் தேவை என்பதால், அது இல்லாதவர்கள் எல்லாப் போட்டிகளிலும் இருப்பார்கள். அவர்களுக்காக ‘சிஸ்டம் 36’ என்ற எளிய முறை வழக்கத்தில் இருக்கிறது. பாரிலோ அதற்குக் குறைவாகவோ முடித்த குழிக்கு 2 புள்ளி, ஒன்று கூடினால் 1, அதற்கு மேல் போனால் இல்லை என்று எண்ணி, கூட்டுத்தொகையை 36-இலிருந்து கழித்தால் அன்றைய சலுகை கிடைத்துவிடும். இது ஒரே நாள் ஆட்டத்தை வைத்து, ஆடி முடித்த பின் போடும் கணக்கு. ஆண்டு முழுவதும் ஸ்கோர்களைப் பதிவு செய்து இண்டெக்ஸைப் பேணி வந்தவருடன் இவரை ஒரே கோப்பைக்கு நிறுத்துவது நியாயமாகாது. தனிப் பிரிவு வைத்து, தனிப் பரிசு கொடுங்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கப் போட்டியின் புரவலர், ஹேண்டிகேப் பிரிவில் வெல்பவருக்கு 2 லட்ச ரூபாய் ரொக்கமும், ஒரே அடியில் பந்தைக் குழியில் போடுபவருக்குக் காரும் தருவதாகச் சொல்கிறார். வாங்கினால் அமெச்சூர் தகுதி போய்விடும் என்று சிலர் பயமுறுத்துகின்றனர்.
– செயலாளர், ஜெயநகர் வட்டாரக் குடியிருப்பு

பதில்: ரொக்கத்தைப் பொறுத்தவரை அது நியாயமான எச்சரிக்கை. காரைப் பொறுத்தவரை கவலை வேண்டாம்.

2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் அமெச்சூர் தகுதி விதிகளின்படி, ஹேண்டிகேப் போட்டியில் அமெச்சூர் ஆட்டக்காரர் ரொக்கப் பரிசு எதையும் ஏற்கக்கூடாது. பொருளாகவோ, பொருள் வாங்கும் பரிசுச் சீட்டாகவோ பெறலாம். அதன் மதிப்பு 700 பிரிட்டிஷ் பவுண்டு அல்லது 1,000 அமெரிக்க டாலருக்கு நிகரான வரம்பைத் தாண்டக்கூடாது. சலுகை எதுவும் கழிக்காத ஸ்கிராட்ச் போட்டியில் மட்டும் அதே வரம்புக்குள் ரொக்கமாகவும் பெறலாம். உங்கள் புரவலர் சொல்லும் 2 லட்சம் இரண்டு வகையிலும் தவறுகிறது: அது ரொக்கம், வரம்பையும் வெகுவாகத் தாண்டியது.

ஒரே அடியில் குழியில் விழும் ‘ஹோல் இன் ஒன்’னுக்கு இந்த வரம்பு பொருந்தாது. காரை மகிழ்ச்சியாகக் கொடுக்கலாம். எந்தக் குழியில், எந்த டீயிலிருந்து, யார் சாட்சியாக நிற்க வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்டவர் அடித்தால் என்ன செய்வது என்பதை மட்டும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் துணையோடு தரப்படும் பரிசு என்றால் அந்நிறுவனம் விதிக்கும் குறைந்தபட்சத் தூரமும் சாட்சி நிபந்தனையும் உங்கள் தாளில் வார்த்தை மாறாமல் இருக்கட்டும்.

புரவலரின் மனமும் கோணாமல் இருக்க வழி உண்டு. அந்த 2 லட்சத்தைப் பல பிரிவுகளுக்கான பரிசுச் சீட்டுகளாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். மீதியை மட்டைப் பை சுமக்கும் மைதானக் கேடிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணமாகக் கொடுக்கும்படி கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட இடங்களில் யாரும் மறுத்ததில்லை.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. ஒரு நிறுவனம் இலவசமாக மட்டைகளும் பயணச் செலவும் தர முன்வந்திருக்கிறது. வாங்கினால் அமெச்சூர் போட்டிகளில் ஆட முடியாமல் போகுமா?
– தாயார் ஒருவர், ஃபிரேசர் டவுன்

பதில்: போகாது, அம்மா. முன்பு இதில் பல கட்டுப்பாடுகள் இருந்தன. 2022-இல் அவை நீக்கப்பட்டன. மட்டை, உடை, பயணச் செலவு, விளம்பர உதவி ஆகியவற்றை அமெச்சூர் ஆட்டக்காரர் ஏற்கலாம். வரம்புக்கு மேல் பரிசு பெறுவது, தொழில்முறை ஆட்டக்காரராகப் போட்டியில் கலந்துகொள்வது, விதிவிலக்கான சூழல்கள் தவிரக் கூலி பெற்றுக்கொண்டு கற்றுக்கொடுப்பது போன்றவைதான் தகுதியைப் பறிக்கும். இந்த ஊரில் ஆடிப் பழகிய அதிதி அசோக், 18 வயதில் 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆடி, டோக்கியோவில் நான்காம் இடம் வரை சென்றார். உங்கள் மகள் தயங்காமல் ஆடட்டும். ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் மட்டும் நீங்கள் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

கேள்வி: ஏழாம் குழியில் நான் எடுத்தது 5 அடி. என் எண்ணிக்கையைக் குறிப்பவரான மார்க்கர் 4 என்று எழுதியிருந்ததைக் கவனிக்காமல் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டேன். பிறகு நானே போய்ச் சொன்னேன். தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். நான் பரிசுக்கு அருகில்கூட இல்லை. உண்மையைச் சொன்னதற்குத் தண்டனையா?
– வாசகர், அல்சூர்

பதில்: உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, உங்கள் நேர்மைக்கு என் வணக்கம். ஆயினும் கமிட்டி விதிப்படியே நடந்திருக்கிறது. எடுத்ததைவிடக் குறைவாக ஒரு குழியின் எண்ணிக்கையை எழுதிக் கொடுத்தால் தகுதி நீக்கம். கூடுதலாக எழுதிக் கொடுத்தால் அந்தக் கூடுதல் எண்ணே நிற்கும்.

இந்த இரண்டாம் பகுதி எவ்வளவு கடுமையானது என்பதற்கு 1968-ஆம் ஆண்டு மாஸ்டர்ஸ் போட்டி சாட்சி. அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ 17-ஆம் குழியை 3 அடியில் முடித்தார். மார்க்கர் 4 என்று எழுதினார். டி விசென்சோ கவனிக்காமல் கையொப்பமிட்டார். 65-ஆக இருந்திருக்க வேண்டிய சுற்று 66 ஆனது, பாப் கோல்பியுடன் சமநிலையில் நின்றிருக்க வேண்டியவர் ஓர் அடியில் கோப்பையை இழந்தார். அவர் அடித்ததைத் தொலைக்காட்சியில் அத்தனை பேர் பார்த்திருந்தும் அட்டையில் எழுதியதே செல்லுபடியானது. பார்ப்பவர் யாருமில்லாத நம் சிறிய போட்டிகளில் அட்டையைவிட்டால் வேறு ஆவணமே கிடையாது.

ஒரு விதிவிலக்கை அறிந்துகொள்ளுங்கள். தமக்கு ஒரு தண்ட அடி உண்டு என்பதே தெரியாமல் அதைச் சேர்க்காமல் கொடுத்தவர் தகுதி இழப்பதில்லை, விட்டுப்போன தண்டம் கூட்டப்படும். உங்கள் வழக்கு அதில் அடங்காது, ஏனெனில் விட்டுப்போனது தண்ட அடி அன்று, நீங்கள் அடித்த அடி.

மொத்தத்தைக் கூட்டுவதும் ஹேண்டிகேப் கழிப்பதும் கமிட்டியின் வேலை. கூட்டலில் பிழை இருந்தால் ஆடியவருக்குத் தண்டனை இல்லை. ஒவ்வொரு குழியின் எண்ணும், உங்களுடையதும் மார்க்கருடையதுமான இரு கையொப்பமும்தான் உங்கள் பொறுப்பு. கையொப்பம் விடுபட்டால் தகுதி நீக்கத்துக்குப் பதிலாக 2 தண்ட அடி போதும் என்று உள்ளூர் விதியாக அறிவிக்க 2023 முதல் இடமிருக்கிறது. நட்புப் போட்டிகளில் அதை எழுதிவைக்குமாறு நான் வற்புறுத்துகிறேன். அதோடு, ஸ்கோர் மேசை இருக்கும் பகுதியை விட்டு ஆட்டக்காரர் வெளியேறும்போதுதான் அட்டை ஒப்படைக்கப்பட்டதாகக் கருதப்படும் என்று ஒரு வரி சேர்த்தால், நாற்காலியில் அமர்ந்து தண்ணீர் குடித்துவிட்டு ஒருமுறை சரிபார்க்க எல்லோருக்கும் வாய்ப்புக் கிடைக்கும். அந்த ஒரு வரி இருந்திருந்தால், மேசையை விட்டு எழுவதற்குள் நீங்கள் திருத்தியிருக்கக்கூடும்.

கேள்வி: சமநிலையைத் தீர்க்க ‘கவுண்ட்பேக்’ என்கிறார்கள். அதை விளக்க முடியுமா?
– வாசகர், இந்திராநகர்

பதில்: கடைசி 9 குழிகளில் சிறப்பாக ஆடியவருக்கு வெற்றி. அதிலும் சமம் என்றால் கடைசி 6, பிறகு கடைசி 3, இறுதியில் 18-ஆம் குழி. நிகர அடிகளை எண்ணும் போட்டியில் 9 குழிகளுக்கு ஹேண்டிகேப்பில் பாதியையும், 6-க்கு மூன்றில் ஒரு பங்கையும், 3-க்கு ஆறில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். ஸ்டேபிள்ஃபோர்டில் புள்ளிகளுக்குள்ளேயே சலுகை அடங்கிவிடுவதால் புள்ளிகளைக் கூட்டினால் போதும்.

கவனம் தேவைப்படுவது எல்லா அணிகளும் ஒரே நேரத்தில் வெவ்வேறு குழிகளில் தொடங்கும் ‘ஷாட்கன்’ முறையில். ஐந்தாம் குழியில் தொடங்கியவருக்குக் கடைசிக் குழி நான்காம் குழி. ‘கடைசி 9’ என்பது அட்டையில் 10 முதல் 18 வரையா, அவரவர் ஆடிய வரிசையிலா என்று எழுதாவிட்டால் இருவரும் தாமே வென்றதாக நம்புவார்கள், இருவர் பக்கமும் நியாயம் இருக்கும். அட்டை வரிசையையே நான் எப்போதும் தேர்ந்தெடுக்கிறேன், எல்லோருக்கும் ஒரே குழிகள் ஒப்பிடப்படுகின்றன என்பதால்.

கேள்வி: சில்க் போர்டு சந்திப்பில் மாட்டிக்கொண்டு 4 நிமிடம் தாமதமாக வந்தேன். 2 தண்ட அடி போட்டார்கள். நெரிசல் என் குற்றமா?
– வாசகர், எச்.எஸ்.ஆர். லேஅவுட்

பதில்: 5 நிமிடத்துக்குள் தாமதமாக வந்து ஆடத் தயாராக இருந்தால் முதல் குழியில் 2 தண்ட அடி, அதற்கு மேல் தகுதி நீக்கம் என்பது விதி. அசாதாரணச் சூழலில் கமிட்டி மன்னிக்கலாம். ஆனால் அந்தச் சந்திப்பில் வண்டி நிற்பதை இந்நகரில் யாரும் அசாதாரணம் என்று சொல்லமாட்டார்கள். தொடங்கும் நேரம் 6.32 என்றால் 6.32 ஆகும்போது டீயில் மட்டையோடு நிற்க வேண்டும். 

கேள்வி: தொலைந்த பந்தைத் தேடிக்கொண்டே பொழுது போய்விடுகிறது. எங்கள் போட்டியில் தொலைந்த இடத்துக்கு அருகிலேயே பந்தைப் போட்டு ஆட அனுமதிக்கலாமா?
– வாசகர், எலகங்கா

பதில்: அனுமதிக்கலாம், உள்ளூர் விதியாக அச்சிட்டிருந்தால். பொது விதிப்படி, தேடத் தொடங்கியதிலிருந்து 3 நிமிடம்தான் அவகாசம். 2019-க்கு முன் இது 5 நிமிடமாக இருந்ததால் பழையவர்கள் இன்னும் அந்தக் கணக்கிலேயே தேடுகிறார்கள். கிடைக்காவிட்டால் ஒரு தண்ட அடியுடன், முன்பு அடித்த இடத்துக்கே திரும்பிச் சென்று அடிக்க வேண்டும். அந்த நடையைத் தவிர்க்கத்தான் மாற்று விதி: பந்து தொலைந்த அல்லது எல்லை தாண்டிய இடத்தைக் கணித்து, அதற்கும் குழியை நெருங்காத ஃபேர்வே (புல் கத்தரித்த ஆடுபாதை) விளிம்புக்கும் இடைப்பட்ட பகுதியில் 2 தண்ட அடியுடன் பந்தைப் போடலாம். டீயிலிருந்து அடித்த முதல் பந்து தொலைந்தால் அங்கிருந்து அடிப்பது நான்காவது அடி.

முதல் பந்து தொலைந்திருக்கலாம் என்று எண்ணி, அதே இடத்திலிருந்து முன்கூட்டியே மாற்றுப் பந்து அடித்துவிட்டவர் இந்தச் சலுகையைப் பயன்படுத்த முடியாது. மாற்றுப் பந்து அடிப்பவரும் அதை ‘புரொவிஷனல்’ என்றோ அதே பொருள் ஐயமின்றி விளங்கும்படியோ சொல்லிவிட்டு அடிக்க வேண்டும். ‘எதற்கும் இன்னொன்று அடித்து வைக்கிறேன்’ என்று சொல்லி அடித்தால் அந்த இரண்டாம் பந்துதான் ஆட்டத்தில் இருக்கும் பந்து, முதல் பந்து கண்ணெதிரே கிடைத்தாலும் பயனில்லை. நம்மவர்கள் மிகுதியாகத் தடுக்கி விழும் இடம் இது.

கேள்வி: ஏப்ரலில் போட்டி வைத்திருக்கிறோம். இடிமழை வந்தால் என்ன நிபந்தனை எழுதுவது?
– வாசகர், ஒயிட்ஃபீல்டு சாலை

பதில்: மாஞ்சாரல் காலத்தில் பிற்பகல் போட்டியே வேண்டாம் என்பேன், விடியலில் தொடங்கி முற்பகலில் முடித்துவிடுங்கள். அபாயத்துக்காகக் கமிட்டி உடனடி நிறுத்தம் அறிவித்தால், எடுத்த மட்டையைக்கூடக் கீழே போட்டுவிட வேண்டும். அதன் பிறகு ஓர் அடி அடித்தாலும் தகுதி நீக்கம். சாதாரண நிறுத்தம் என்றால் ஆடிக்கொண்டிருக்கும் குழியை முடித்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் வெவ்வேறு ஒலிக்குறி இருக்கட்டும், அது தாளில் எழுதியிருக்கட்டும். கமிட்டியின் அறிவிப்பு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மின்னல் அபாயம் இருப்பதாக நியாயமாக நம்பும் ஆட்டக்காரர் தாமாகவே ஆட்டத்தை நிறுத்தலாம், அதற்குத் தண்டம் இல்லை. மரத்தடியில் யாரும் ஒதுங்கக் கூடாது என்பதையும் அதே பத்தியில் எழுதுங்கள்.

பாதியில் நின்ற போட்டிக்கு ‘9 குழி முடிந்திருந்தால் முடிவு அறிவிக்கப்படும்’ என்று பலர் எழுதுகிறார்கள். எல்லோரும் முதல் குழியிலிருந்து வரிசையாகத் தொடங்கும்போதுதான் அது பொருந்தும். ஷாட்கன் முறையில் ஒவ்வோர் அணியும் முடித்திருப்பது வெவ்வேறு 9 குழிகளாக இருக்கும். அதற்கு மறு நாள் குறிப்பதைத் தவிர நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: தூரம் காட்டும் கருவி வைத்துக்கொள்ளலாமா? பையில் தவறுதலாக 15 மட்டைகள் இருந்தால் என்ன ஆகும்?
– வாசகர், ஜே.பி. நகர்

பதில்: கமிட்டி தடை செய்யாதவரை தூரமானி அனுமதிக்கப்பட்டதே. ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் வசதியை அணைத்து வைக்க வேண்டும். மட்டைகள் 14-க்கு மேல் கூடாது. கூடுதலாக வைத்திருந்த ஒவ்வொரு குழிக்கும் 2 தண்ட அடி, ஒரு சுற்றில் அதிகபட்சம் 4. மகனின் ‘பட்டர்’ மட்டை உங்கள் பையில் கிடக்கிறதா என்று முதல் டீயில் எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கேடிகளைப் பற்றி நிபந்தனைத் தாளில் ஏதேனும் எழுத வேண்டுமா?
– வாசகி, மர்ஃபி டவுன்

பதில்: கட்டாயம் எழுத வேண்டும், பெரும்பாலோர் எழுதுவதில்லை. கேடி செய்யும் பிழைக்கு ஆட்டக்காரருக்கே தண்டம் என்பதால், விதிகள் அவருக்கும் தெரிந்திருப்பது உங்கள் நலனுக்கே நல்லது. ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு கேடிதான். ஒரு கேடி இருவருக்கும் சுமக்கலாம். 2019 முதல், குழியைச் சுற்றியுள்ள புல்தரையான கிரீனில் ஆட்டக்காரரிடம் கேட்காமலேயே கேடி பந்தைக் குறியிட்டு எடுக்கலாம், மற்ற இடங்களில் அனுமதி பெற்றே எடுக்க வேண்டும். ஆட்டக்காரர் அடிக்க நிற்கத் தொடங்கிய பிறகு, பந்துக்கு நேர் பின்னே நின்று திசை காட்டக்கூடாது. பெங்களூர் மைதானங்களில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசும் கேடிகள் பலர் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளை அவர்கள் கையில் திணிக்காமல், முந்தின நாள் கால்மணி நேரம் அவர்களை உட்காரவைத்து, அவர்கள் மொழியில் சொல்லிக் கொடுங்கள். நான் அப்படிச் செய்த போட்டிகளில் தண்ட அடிகள் குறைந்ததைக் கண்டிருக்கிறேன்.

கூலி எவ்வளவு, எப்போது, யார் தருவது என்பதும் அச்சில் இருக்க வேண்டும். 18 குழிகள், ஏறத்தாழ ஐந்து மணி நேரம், தோளில் பாரத்தோடு நடப்பவர், பரிசளிப்பு முடியும்வரை வாசலில் நின்று கூலியைக் கேட்டு வாங்கும்படி விடக்கூடாது. கமிட்டியே முன்பணமாக வாங்கி, சுற்று முடிந்தவுடன் கேடி மாஸ்டர் வழியாகக் கொடுத்துவிடுங்கள். ஆட்டக்காரர்களுக்குச் சமைக்கும் காலை உணவில் அவர்களுக்கும் கணக்கிட்டு, பந்தி எந்த நேரத்தில் என்பதையும் அந்தத் தாளிலேயே சேர்த்துவிடுங்கள்.